தாயே மொழிபெயர்ப்பாளராகும்போது

பதின்பருவத்தினரிடம் மருத்துவர் தனியே அமர்ந்து நிகழ்த்தும் உளச் சமூக நல மதிப்பீட்டுக்கு 'ஹெட்ஸ்' என்று பெயர். வீடு, கல்வி, ஓய்வுநேரச் செயல்பாடுகள், போதைப்பொருள், பாலியல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது அது. 1972இல் சியாட்டில் நகர மருத்துவர் ஹார்வி பெர்மன் வகுத்த இவ்வரிசையை லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த எரிக் கோஹனும் ஜான் கோல்டன்ரிங்கும் செம்மைப்படுத்தினர். 1988இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைவழி அது பரவலாயிற்று. உணவுப் பழக்கமும் பாதுகாப்பும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்வழி எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும், குழந்தை மருத்துவப் பிரிவில், இம்மதிப்பீடு இடம்பெற்றுள்ளது. பதின்பருவ நோயாளியின் இரகசியத்தைக் காத்தல் அதற்கு முந்திய தனித் திறனாகக் குறிக்கப்பட்டுள்ளது.

பாடநூலில் இது எளிய செயல்போலத் தோன்றும். பெற்றோரை வெளியே இருக்கச் சொல்க. பேசுவது இரகசியம் என உறுதி கூறுக. எளிய கேள்வியில் தொடங்கிக் கடினமானதை நோக்கிச் செல்க. இம்மூன்று அறிவுரைகளுக்கும் பின்னால் சொல்லப்படாத ஓர் எடுகோள் உண்டு: மருத்துவரும் நோயாளியும் ஒரே மொழி பேசுவர் என்பது. ஹைதராபாத்தில் அந்த எடுகோள் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. அங்கே இரகசியம் கதவருகில் கசிவதற்கு முன்னரே வாக்கியத்தில் கசிந்துவிடுகிறது.

அந்நகரின் ஒரு புறநோயாளர் பிரிவை எண்ணிப் பார்க்கலாம். இண்டர்மீடியட் முதலாண்டு பயிலும் பதினாறு வயதுப் பெண். மூன்று மாதங்களாகத் தலைவலி. பரிசோதனைகளில் குறை ஒன்றும் இல்லை. மருத்துவர் முதுகலைப் பட்டப் பயிற்சிக்காக அகில இந்திய ஒதுக்கீட்டின் வழி வேறு மாநிலத்திலிருந்து வந்தவர். இந்தியும் ஆங்கிலமும் அறிவார், தெலுங்கு 'வலி எங்கே' என்ற அளவில்தான். பெண்ணுக்கு ஆங்கிலம் உண்டு, ஆனால் அது வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் உரிய ஆங்கிலம். அழுகையை அதில் எழுத யாரும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. தாய்க்குத் தெலுங்கோடு கடைத்தெரு இந்தியும் தெரியும். எனவே இயல்பாகவே தாய் மொழிபெயர்ப்பாளராகிறார். தாயை வெளியே அனுப்பினால் மொழியும் அவரோடு வெளியே போய்விடும். அனுப்பாவிட்டால் மதிப்பீடே இல்லை.

இங்கே ஓர் இலக்கண நுணுக்கத்தைக் கருதவேண்டும். தமிழில் 'ஆம்' என்னும் ஈறு பிறர் கூற்றைச் சுட்டும்: 'தலை வலிக்கிறதாம்'. தெலுங்கில் அதே பணியை 'அட' செய்கிறது: 'தலநொப்பட'. கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு எனதன்று என்று பேசுபவர் விலகி நிற்க இவ்வீறு இடந்தருகிறது. தக்கினி உருதுவும் தெலுங்கு 'அனி', தமிழ் 'என்று' ஆகியவற்றின் போக்கில் 'போல்கே' என்று மேற்கோளைக் கட்டும் வழக்கத்தை வளர்த்துக்கொண்டுள்ளது. இவ்வட்டாரத் தொடர்பின் சான்றாக மொழியியல் வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படுவது அது. மகளின் சொல்லைத் தாய் எடுத்துரைக்கும்போது முதல் இரண்டு வாக்கியங்களில் இவ்வீறு நிற்கும். மூன்றாம் வாக்கியத்தில் உதிர்ந்துவிடும். 'தூக்கம் வருவதில்லையாம்' என்பது 'இவள் தூங்குவதே இல்லை, எந்நேரமும் போன்தான்' என்றாகிவிடும். மகளின் கூற்று தாயின் குற்றச்சாட்டாக மாறியதை மருத்துவர் அறியமாட்டார். அவரிடம் வந்து சேரும் இந்தியில் இரண்டும் ஒரே தொனியில் இருக்கும். மகள் அறிவாள். அதன்பின் அவள் தரும் விடைகள் 'ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல்லாகச் சுருங்கும்.

தாயைக் குறைகூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர் அவர். தம் மகளின் நோவை அவரினும் கூர்ந்து கவனித்தவர் அந்த அறையில் வேறு ஒருவருமில்லை. அவருக்கும் தனியே பேச நேரம் தரப்பட வேண்டும் என்பதும் இம்மதிப்பீட்டு முறையின் பகுதியே. நெரிசலில் முதலில் கைவிடப்படுவது அதுதான்.

தாய்க்கு மாற்றாகப் பெரும்பாலும் அழைக்கப்படுபவர் செவிலியர், ஆயா, அல்லது வாசலில் நிற்கும் காவலர். மொழி கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த ஆயா நோயாளியின் அடுத்த தெருவில் வசிப்பவராக இருக்கலாம். தெலுங்கில் அவர் பெண்ணை 'அம்மா' என்று கனிவோடு அழைக்கலாம், அதே மூச்சில் 'இப்படியெல்லாம் பேசலாமா' என்று கடிந்தும் கொள்ளலாம். அவர் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கியதும் இல்லை.

இனி, உறுதிமொழி. 'நீ சொல்வது எதுவும் இந்த அறையைத் தாண்டாது' என்று இளம் மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கின்றனர். இந்தியச் சட்டத்தின்படி அவ்வாக்கியம் பொய். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்கிறது; அவ்வயதுக்குட்பட்டவரின் இசைவைச் சட்டம் இசைவாக ஏற்பதில்லை. அதன் 19ஆம் பிரிவு, குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. மருத்துவருக்கு விலக்கு இல்லை. ஆகவே வரிசையின் ஐந்தாம் எழுத்துக்கு வந்து, பதினேழு வயதுப் பெண் தன் வகுப்புத் தோழனைப் பற்றி நம்பிக்கையோடு சொல்லும் ஒரு வாக்கியம், அவனைச் சிறைக்கு அனுப்பும் முதல் தகவலாக மாறக்கூடும். அவள் கேட்டது தலைவலிக்கு மருந்து.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் முழு அடைக்கலம் தருவதில்லை. அதன் 23ஆம் பிரிவு இரகசியக் காப்பை உரிமை என்கிறது. ஆனால் நியமனப் பிரதிநிதிக்குத் தம் கடமையைச் செய்யத் தேவையான தகவலை அளிக்கலாம் என்று விலக்கும் வைக்கிறது. 18 வயதுக்குட்பட்டோருக்கு அப்பிரதிநிதி சட்டப்படியான பாதுகாவலரே, அதாவது பெரும்பாலும் வெளியே அமர்ந்திருக்கும் அதே தாயோ தந்தையோ. இங்கிலாந்தில் 1985இல் கில்லிக் வழக்கு, போதிய புரிதல் உடைய சிறார் பெற்றோர் அறியாமலும் மருத்துவ ஆலோசனைக்கு இசைவளிக்கலாம் என்ற கோட்பாட்டை நிறுவியது. அதற்கு நேரான கோட்பாடு இங்கே நிலைபெறவில்லை. ஹெட்ஸ் முறையை இறக்குமதி செய்தவர்கள் அது நிற்பதற்கான சட்டத் தரையை இறக்குமதி செய்யவில்லை.

சிறு திறப்புகள் உண்டு. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு பற்றிய தீர்ப்பில், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், 19ஆம் பிரிவின்கீழ் அளிக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்றது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், 'குழந்தை' என்பதற்கான வயது வரம்பை 16 ஆக்குவது குறித்துப் பரிசீலிக்கலாம் என்று கருத்துரைத்தது. 2023இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 283ஆம் அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம் என்று கூறி, 16 முதல் 18 வரையிலான நேர்வுகளில் நீதிபதிக்கு விருப்புரிமை அளிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இவையனைத்தும் நீதிமன்றத்தை நோக்கியவை. புறநோயாளர் பிரிவில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மருத்துவர் எதைச் சொல்லலாம், எதைக் கேட்காமல் விடலாம் என்பதற்கு இவற்றில் விடை இல்லை. கேட்காமல் விடுவதே பாதுகாப்பு என்று பலர் முடிவுசெய்துவிடுகின்றனர். வன்முறைக்கு உள்ளாகும் சிறுமி அப்போது கேட்கப்படாமலே வீடு திரும்புகிறாள். சட்டம் காக்க விரும்பியது அவளைத்தான்.

எனவே உறுதிமொழி சிறியதாகவும் மெய்யாகவும் இருக்கவேண்டும். அதன் சொல்லடுக்கும் முக்கியம். ஆங்கிலத்தில் முதலில் வாக்குறுதியும் பின்னர் விதிவிலக்கும் வரும். அதை அப்படியே பெயர்த்தால் 'எல்லாம் இரகசியம், ஆனால்...' என்றாகும். 'ஆனால்' என்ற சொல் கேட்டவுடன் பதின்பருவத்தினர் மூடிக்கொள்வர். வீட்டில் அச்சொல்லுக்குப் பின் நல்லது எதையும் அவர்கள் கேட்டதில்லை. தமிழிலும் தெலுங்கிலும் நிபந்தனை முன்னும் வினைமுற்று இறுதியிலும் வருவது இயல்பு. அவ்வியல்பை ஒட்டியே சொல்லலாம். செகந்திராபாத்தின் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பிள்ளையிடமாயின் இவ்வாறு: 'உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ, யாராவது உங்களைத் துன்புறுத்துவது தெரிந்தாலோ, பதினெட்டு வயதுக்கு முன் உடலுறவு நடந்திருப்பது தெரிந்தாலோ, அதை நான் மறைத்துவைக்கச் சட்டம் விடாது. அப்போதும் யாரிடம், எப்படிச் சொல்வது என்று முதலில் உங்களோடுதான் பேசுவேன். மற்றதெல்லாம் நமக்குள் இருக்கும்.' நீளமான பேச்சுதான். வாக்குறுதியோடு முடிவதால் செவியில் இறுதியாகத் தங்குவது வாக்குறுதி. இந்த மூன்றாம் நிபந்தனையைச் சொன்னால் பிள்ளைகள் பாலியல் பற்றி வாய் திறக்கமாட்டார்கள் என்ற எதிர்வாதம் வலுவானது. சிலர் திறக்கமாட்டார்கள்தான். ஆயினும் எதைச் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமிருந்து ஏமாற்றிப் பறிப்பதைவிட அது மேல்.

கேள்விகளின் வரிசைக்கு வருவோம். எளியதிலிருந்து கடினமானதற்கு என்ற ஒழுங்கில் வீடும் கல்வியும் முதலில் நிற்கின்றன. இவ்வொழுங்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கூச்சத்தை அளந்து வகுக்கப்பட்டது. ஹைதராபாத்தில் 'வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்' என்று கேட்டால், விடுதியோடு கூடிய தனியார் ஜூனியர் கல்லூரியில் தங்கி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு எந்த வீட்டைச் சொல்வது என்று தெரியாது. 'படிப்பு எப்படிப் போகிறது' என்பதோ அந்நகரில் தொடக்கக் கேள்வியே அன்று. 2019 ஏப்ரல் 18 அன்று தெலங்கானா இண்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியாயின. தேர்வெழுதியவர்கள் ஏறத்தாழ 9.7 லட்சம் பேர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெறவில்லை. மதிப்பெண் பதிவில் பிழைகள் இருந்தது பின்னர் வெளிப்பட்டது. தெலுங்குத் தாளில் பூஜ்யம் என்று காட்டப்பட்ட ஒரு மாணவிக்கு மறுபரிசீலனையில் 99 கிடைத்தது. அதற்குள் அடுத்தடுத்த நாள்களில் 20க்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிர்துறந்ததாகச் செய்திகள் வந்துவிட்டன. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது பிழை என்று உளவியலாளர் சொல்வது சரியே. ஆனால் அந்த ஏப்ரலைக் கண்ட ஊரில், கல்வியைப் பற்றிய கேள்வியை உரையாடலைச் சூடேற்றும் கேள்வியாக வைப்பது அறியாமை. அங்கே அதை இறுதிக்குத் தள்ள வேண்டும். திரைப்படம், கிரிக்கெட், விடுதிச் சோறு என்று தொடங்கலாம். விடுதிச் சோற்றைப் பற்றிப் பேசச் சொன்னால் அங்கே எந்தப் பிள்ளையும் ஐந்து நிமிடம் பேசும்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், மாணவர் மனநலத்துக்கான வழிகாட்டுதல்களை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகரை அமர்த்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தனிக் கவனம் வேண்டும் பயிற்சி மைய நகரங்களுள் ஹைதராபாத்தும் சென்னையும் பெயர் சுட்டப்பட்டுள்ளன. ஆலோசகர் வருவார் என்று நம்புவோம். அவர் எம்மொழியில் கேட்பார் என்பது இன்னும் எழுதப்படாத பகுதி.

இறுதி எழுத்து தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதைக் கேட்பதால் எண்ணம் விதைக்கப்படும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்பது ஆய்வுகளில் தெளிவு, நேரடியாகக் கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது? 'தற்கொலை எண்ணம் உண்டா?' என்பது படிவத்தின் மொழி. அதற்குப் படிவத்தில் இடும் குறியைப் போலவே 'இல்லை' என்று விடை வரும். 'சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?' என்பதில் நினைப்பவர் எழுவாயாகிறார். ஒப்புக்கொண்டால் அது அவருடைய செயலாகிவிடும், குற்ற ஒப்புதல் போல. ஆனால் தெற்காசிய மொழிகளுக்குப் பொதுவான இன்னொரு வாக்கிய அமைப்பு உண்டு: உறுபவரை நான்காம் வேற்றுமையில் வைத்து, உணர்ச்சியை வந்து சேர்வதாகச் சொல்வது. 'உங்களுக்குச் செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?' தெலுங்கில் 'அனிபிஸ்தோந்தா', உருதுவில் 'லக்தா ஹை' ஆகியவை இவ்வமைப்பினவே. பசி தோன்றுவதுபோல், காய்ச்சல் வருவதுபோல், அவ்வெண்ணமும் வந்தது. வந்ததை ஒப்புக்கொள்வதில் பழி குறைவு. ஆங்கிலத்தில் எழுதி நம் மொழிகளுக்குப் பெயர்க்கப்படும் வினாநிரல்கள் எழுவாய் வாக்கியத்தையே திரும்பத் திரும்பத் தேர்வது வருந்தத்தக்கது. நம் இலக்கணம் இலவசமாக வைத்திருக்கும் கருணையை மொழிபெயர்ப்பு வீணாக்குகிறது. (விடை 'ஆம்' என்றாலும் இல்லையென்றாலும், 2022 முதல் இயங்கும் டெலி-மானஸ் உதவி எண் 14416 என்பதைப் பிள்ளையின் கையில் எழுதிக் கொடுத்தனுப்பலாம், பல இந்திய மொழிகளில் அங்கே பேசமுடியும்.)

இதே அமைப்பு பாலியல் கேள்விக்கும் உதவும். 'யாரையாவது பிடித்திருக்கிறதா?' என்பதில் 'யார்' பால் காட்டாது; விரும்பப்படுபவர் ஆணா பெண்ணா என்று கேட்பவர் முன்கூட்டித் தீர்மானித்துவிடுவதில்லை. விடையில் 'அவர்' என்று பிள்ளை சொன்னால் அது மரியாதையாகவும் இருக்கலாம், பாலை மறைக்கும் திரையாகவும் இருக்கலாம். அத்திரையைக் கேட்பவர் தாமாக விலக்கக்கூடாது.

முன்னிலைப் பெயரைப் பற்றி ஒரு சொல். தெலுங்கின் 'நுவ்வு', 'மீரு'; உருதுவின் 'தூ', 'தும்', 'ஆப்'; தமிழின் 'நீ', 'நீங்கள்'. தாய் அறையில் இருக்கும்வரை பிள்ளையை 'நீ' என்று அழைத்த மருத்துவர், தாய் வெளியேறியதும் 'நீங்கள்' என்று மாறினால், 'இப்போது நீங்கள்தாம் என் நோயாளி' என்று விளக்கவுரையின்றிச் சொல்லிவிட்டதாகும். சில பிள்ளைகளுக்கு அது அந்நியமாகப் படும் என்பதும் மெய். அப்போது அவர்களே 'நீ என்றே சொல்லுங்கள்' என்பார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தபின் ஓ.பி. சீட்டு இருக்கிறது. பேசியது இரகசியம், எழுதியது தாயின் கைப்பையில் போகிறது. மருத்துவர் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதினால் யாருக்கும் புரியாது என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக்கு முன் செல்லுபடியானது. இன்று வீட்டில் தம்பி கைப்பேசியில் படமெடுத்து அரை நிமிடத்தில் விளக்கம் பெறுவான். 'மனநலப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறார்' என்ற ஒரு வரி போதும். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' வசையாக வழங்குவதுபோல் ஹைதராபாத்தில் 'எர்ரகட்டா' வழங்குகிறது. அரசு மனநல மருத்துவமனை இருக்கும் பகுதியின் பெயர் அது. சீட்டில் அச்சொல்லைக் கண்ட குடும்பம் அடுத்த முறை வராது.

ஹைதராபாத்தில் மொழியியல் பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகங்கள் ஒன்றல்ல, பல: உஸ்மானியா, ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், பயன்பாட்டு மொழியியலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனி மையமே வைத்திருக்கும் ஹைதராபாத் பல்கலைக்கழகம். தக்கினியின் 'போல்கே' பற்றி ஆய்வேடு எழுதுவது தேவையான பணியே. அதோடு, தெலுங்கிலும் தக்கினியிலும் தமிழிலும் லம்பாடியிலும் ஹெட்ஸ் கேள்விகளை மொழிபெயர்க்காமல் புதிதாகவே இயற்றுவதையும், மருத்துவமனைப் பணியாளர் சிலரை இரகசியம் காக்கும் மொழிபெயர்ப்பாளராகப் பயிற்றுவதையும் ஒரு முதுகலைப் பருவத்தின் களப்பணியாக வைக்கலாம். மருத்துவக் கல்லூரிகள் மறுக்கும் என்று கொள்வதற்குக் காரணமில்லை; கேட்டுப் பார்த்தால் தெரியும்.

முதலில் இயற்ற வேண்டியது பிள்ளையிடம் சொல்லும் வாக்கியம்கூட அன்று, தாயிடம் சொல்லும் வாக்கியம். 'கொஞ்சம் வெளியே இருங்கள்' என்பது அவர்மேல் ஐயம் கொண்டதுபோல் ஒலிக்கும். 'இந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரிடமும் பத்து நிமிடம் தனியே பேசுவது இங்கே வழக்கம்; பிறகு உங்களிடமும் தனியே பேசுவேன்' என்பது வேறு வகை. எழுதிய வரைவுகளைக் காத்திருப்போர் வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாரிடமே வாசித்துக் காட்டி, எந்த வாக்கியத்துக்கு அவர்கள் எழுந்து வெளியே போவார்கள், எதற்கு நாற்காலியை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள் என்று கேட்டறியலாம்.